காலில் கொப்புளமா? பழைய வீக்கத்தின் மேல் பழி போடாதீர்கள்!

வயதானவர்கள் காலில் ஒரு கொப்புளம் வந்தால், வீட்டில் யாரும் பதறுவது இல்லை.

"சூட்டுக் கொப்புளம்" என்பார் ஒருவர். "சர்க்கரை வியாதிக்காரருக்கு இப்படித்தான் வரும்" என்பார் இன்னொருவர். "கால்தான் பத்து வருஷமாக வீங்கிக் கிடக்கிறதே! நீர் கோத்துக் கொண்டு கொப்புளமாக வருகிறது" என்பார் மூன்றாமவர்.

இவர்கள் சொல்வது சில சமயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், மூன்று பேரும் நினைத்துப் பார்க்காத நாலாவது காரணம் ஒன்று உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தோலைத் தாக்குகிற வியாதி அது.

டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், "புல்லஸ் பெம்பிகாய்டு." பெயர் வாயில் நுழையவில்லையா? பரவாயில்லை. "முதுமைக் கொப்புள நோய்" என்று வைத்துக் கொள்ளலாம். பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கே அது வருகிறது.

ரத்த ஓட்டம் கெட்டுப்போன காலில் இந்த நோய் தொடங்கினால், கண்டு பிடிப்பது கடினம். ஏன் என்றால், பழைய நோய் புதிய நோயை மறைத்து விடுகிறது! வீங்கிய காலில் எது வந்தாலும், வீக்கத்தின் மேல் பழி போடுவது வழக்கமாகி விட்டது. இந்த வழக்கம் மாற வேண்டும். வீட்டிலும் மாற வேண்டும். ஆஸ்பத்திரியிலும் மாற வேண்டும்.

காலுக்குள் ஒரு பம்பு

இருதயத்தில் இருந்து புறப்படும் ரத்தம் பாதத்துக்கு வருவது சுலபம். மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் வருவது போல. திரும்பி மேலே ஏறுவதுதான் கஷ்டம்.

ஏற்றி விடுவது எது? கெண்டைக்கால் தசை! நடக்கும்போது அந்தத் தசை இறுகுகிறது. உள்ளே இருக்கும் ரத்தக் குழாயைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. மறுபடி கீழே இறங்கி விடாதபடி, குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவை மேல் நோக்கி மட்டுமே திறக்கும்.

ஒருவர் அசையாமல் நின்றால், கணுக்கால் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறக்குறைய 90 அளவுக்கு ஏறும். நடந்தால் அது 30க்கும் கீழே இறங்கி விடும். நடைக்கு அவ்வளவு பலம்!

கதவுகள் பழுதானால், நடந்தாலும் அழுத்தம் இறங்காது. ரத்தம் தேங்கும். குழாய் புடைத்து, நெளிந்து, பச்சை நிறமாகத் தெரியும். "நரம்பு சுருட்டிக் கொண்டது" என்று ஊரில் சொல்வது இதைத்தான். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தக் குழாய்.

நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஜவுளிக் கடைப் பெண்கள், ஓட்டலில் பரிமாறுகிறவர்கள், போக்குவரத்துப் போலீசார் எல்லாரும் இந்தக் கூட்டம்தான். கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அது கருணை அல்ல. கால்களுக்கு வேண்டிய நியாயம்.

கதவு கெட்ட காலில் மாலையில் வீக்கம் வரும். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுக்கும். அரிப்பும் எடுக்கும். சிலருக்குப் புண் வந்து, மாதக் கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

காவல்காரனே திருடன் ஆனால்?

தோல் ஒரே துணி அல்ல. மேல் தோல் ஒன்று. உள் தோல் ஒன்று. ரவிக்கையும் அதன் உள் துணியும் போல, இரண்டும் சேர்த்துத் தைக்கப்பட்டு இருக்கின்றன. அந்தத் தையல், சில புரதப் பொருள்களால் ஆனது.

உடம்பில் காவல் படை ஒன்று உண்டு. வெளியில் இருந்து கிருமி வந்தால், அதைத் தாக்க எதிர்ப்புப் பொருள்களை அது உண்டாக்கும். முதுமைக் கொப்புள நோயில், அந்தப் படை ஆள் தெரியாமல் தன் வீட்டுத் தையலையே அறுக்கிறது. மேல் தோல் கழன்று விடுகிறது. இடையில் நீர் நிரம்புகிறது. அதுதான் கொப்புளம்.

மேல் தோல் முழுவதும் கூரையாக இருப்பதால், இந்தக் கொப்புளம் சுலபத்தில் உடையாது. பலூன் போல விம்மி நிற்கும்.

இது தனி நோய் என்று 1953ஆம் ஆண்டு பிரித்துக் காட்டியவர், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்த வால்டர் லீவர் என்ற தோல் டாக்டர். அதற்கு முன்பு, "பெம்பிகஸ்" என்ற வேறு கொப்புள நோயோடு சேர்த்து இதையும் எண்ணி வந்தார்கள். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தையலைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் இருப்பது 1967ஆம் ஆண்டு தெரிய வந்தது.

இரண்டும் சேர்ந்தால்...

பொதுவாக இந்த நோய் வயிறு, தொடை, கை என்று உடம்பு முழுவதும் வரும். சிலருக்கு மட்டும் ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே! ரத்தம் தேங்கிய காலிலும், ஆறாத புண்ணைச் சுற்றிலும் கொப்புளங்கள் வந்ததை டாக்டர்கள் பதிவு செய்து இருக்கிறார்கள்.

ஏன் அங்கே வர வேண்டும்? இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. தேங்கிய ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிகிறது. அந்த நீரோடு எதிர்ப்புப் பொருளும் கசிந்து, தோலில் சேருகிறது. இது ஒன்று. புண்ணால் தோல் கிழிந்ததும், உள்ளே மறைந்து இருந்த தையல் வெளியே தெரிகிறது. காவல் படை அதை அன்னியப் பொருள் என்று நினைத்து விடுகிறது. இது இரண்டு. இவை இன்னும் முடிந்த முடிவு அல்ல. ஆனால், பழுதான கால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கிறது என்பதை மறுப்பதற்கு இல்லை.

இன்னொரு சேர்க்கையும் உண்டு. பக்கவாதம், நடுக்குவாதம், ஞாபக மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்தக் கொப்புள நோய் மற்றவர்களை விட அதிகமாக வருகிறது. அவர்கள் நடப்பது இல்லை. நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து இருப்பார்கள். கெண்டைக்கால் பம்பு வேலை செய்யாது. கால் வீங்கும். "அரிக்கிறது" என்று வாய் விட்டுச் சொல்லவும் சிலரால் முடியாது. அவர்களுக்காக வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

அக்கியும் அல்ல, அம்மையும் அல்ல!

கொப்புளத்துக்கு முன்னால் வருவது அரிப்பு. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கூட அரிக்கும்.

"ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லேம்மா. கால் ஒரே அரிப்பு" என்பார் மாமியார்.

"வயசானா தோல் வறண்டு போகும் அத்தை. தேங்காய் எண்ணெய் தடவி விடுறேன்" என்பாள் மருமகள்.

அவள் அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனால், எண்ணெய் தடவி இரண்டு வாரம் ஆகியும் அரிப்பு நிற்கவில்லை என்றால், அது வெறும் வறட்சி அல்ல.

பிறகு கொப்புளம் வரும். உடனே "அக்கி" என்பார்கள். காவி மண் குழைத்து எழுதச் சொல்வார்கள். "அம்மை" என்று சொல்லி, வேப்பிலை கட்டி, டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே படுக்க வைப்பதும் உண்டு. நாட்கள் ஓடும். கொப்புளம் உடையும். புண்ணில் சீழ் பிடிக்கும். வயதான உடம்புக்கு அதுதான் பெரிய அபாயம்.

வித்தியாசம் தெரிந்து கொள்ளுங்கள்:

அக்கி, உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டை போல வரும். எரிச்சலும் வலியும் முன்னால் நிற்கும்.

அம்மை, காய்ச்சலோடு வரும். கொப்புளங்கள் சிறியவை. சில நாட்களில் பொருக்குத் தட்டி விடும்.

வீக்கக் கொப்புளம், கால் திடீர் என்று அதிகமாக வீங்கும்போது வரும். வீக்கம் வடிந்தால் அதுவும் அடங்கும்.

சர்க்கரைக் கொப்புளம், பாதத்திலும் விரலிலும் திடீர் என்று எழும்பும். சுற்றிலும் சிவப்பு இருக்காது. அரிப்பும் பெரும்பாலும் இருக்காது.

பெம்பிகஸ், நடுத்தர வயதினருக்கும் வரும். இந்தியாவில் முதுமைக் கொப்புள நோயை விட இதுவே அதிகம். வாய்க்குள் புண் வரும். கொப்புளம் மெல்லியது, தொட்டால் உடையும்.

முதுமைக் கொப்புள நோயில், கடுமையான அரிப்பு முன்னால் வரும். தடிப்புகள் வரும். பிறகு விம்மிய கொப்புளங்கள் வரும். பழையது ஆறுவதற்குள் புதியது எழும்பும்.

இவ்வளவும் சந்தேகப்படுவதற்கு உதவும். முடிவு கட்டுவதற்கு உதவாது. கண்ணால் பார்த்து முடிவு கட்டுவது டாக்டருக்கே கடினம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் தொற்று நோய் அல்ல. தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். பேரக் குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டாம்.

சின்னத் துண்டு சொல்லும் உண்மை

நோயை உறுதி செய்வது எப்படி? மரத்துப் போக ஊசி போட்டு, கொப்புளத்துக்குப் பக்கத்தில் கொப்புளம் இல்லாத இடத்தில் தோலில் ஒரு சின்னத் துண்டு எடுக்க வேண்டும். ஒளிரும் சாயம் ஏற்றி அதைப் பார்த்தால், இரண்டு தோலும் சேரும் இடத்தில் எதிர்ப்புப் பொருள் ஒரு கோடு போல மின்னும். கொப்புளத்தின் ஓரத்தில் இருந்து இன்னொரு துண்டு எடுத்து, சாதாரண முறையிலும் பார்ப்பார்கள். ரத்தச் சோதனையும் உண்டு.

இங்கேதான் காரியம் கெடுகிறது. ஒளிச் சோதனைக்கான துண்டைப் பார்மலின் என்ற மருந்து நீரில் போட்டு விட்டால், சோதனை பயன்படாது. அதற்குத் தனித் திரவம் இருக்கிறது. அது இல்லாவிட்டால், சாதாரண உப்பு நீரில் வைத்து ஒரு நாளைக்குள் அனுப்பலாம். உப்பு நீர் இல்லாத ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? ஆகவே, சோதனைச் சாலை இல்லாத ஊரிலும் துண்டு எடுத்து அனுப்ப முடியும். தேவை மனமும் ஒரு பஸ்சும்தான்!

காலில் எடுத்த துண்டு சில வேளை பொய் சொல்வதும் உண்டு. நோய் இருந்தும் கோடு தெரியாமல் போகலாம். ரத்த ஓட்டம் கெட்ட காலில், துண்டு எடுத்த காயம் ஆறவும் நாளாகும். தொடையிலோ கையிலோ நோய் இருந்தால், அங்கே எடுப்பது நல்லது. "முதல் சோதனையில் ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தாலும், கொப்புளம் தொடர்ந்தால் மறுபடி போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் கொண்டு போங்கள். சர்க்கரைக்குக் கொடுக்கும் விள்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்ற மருந்துகள் சிலருக்கு இந்த நோயைக் கிளப்பி விடுகின்றன. "கிளிப்டின்" என்று முடியும் பெயர் இருந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். வேறு மருந்து மாற்றித் தருவது அவர் வேலை.

கட்டுப் போடலாமா?

தேங்கிய ரத்தத்தை மேலே ஏற்ற, காலில் இறுக்கமாகக் கட்டுப் போடுவது நல்ல சிகிச்சை. ஆனால், எல்லாக் காலுக்கும் அல்ல!

மேலே ஏறும் குழாய் கெட்டது ஒரு வகை. கீழே ரத்தம் கொண்டு வரும் குழாய் அடைத்துக் கொண்டது இன்னொரு வகை. புகை பிடித்தவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இரண்டாவது வகை அதிகம். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். நின்றால் வலி போகும். பாதம் சில்லென்று இருக்கும். அந்தக் காலை இறுக்கிக் கட்டினால், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்று போகும். காலே பறி போகலாம்.

ஆகவே, கட்டுப் போடுவதற்கு முன்பு, கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. கணுக்கால் அழுத்தம் கையில் பாதிக்கும் கீழே இருந்தால், இறுக்கக் கட்டுக் கூடவே கூடாது. கொப்புளம் உள்ள காலில் முதலில் ஒட்டாத துணி வைத்து, அதன் மேல்தான் கட்ட வேண்டும். காய்ந்த கட்டைப் பிய்த்து எடுக்காதீர்கள். நனைத்து எடுங்கள்.

வீட்டில் கொப்புளத்தைக் குத்தாதீர்கள். பெரிய கொப்புளத்தின் நீரைச் சுத்தமான ஊசியால் எடுப்பதை நர்சு செய்யட்டும். மேல் தோலை உரிக்கக் கூடாது. அதுவே புண்ணுக்கு இயற்கை போட்ட மூடி. காவி, சுண்ணாம்பு, மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம்.

களிம்பா, மாத்திரையா?

இந்த நோய்க்கு மருந்து உண்டு. பெரும்பாலோருக்கு அடங்கும்.

"ஸ்டீராய்டு" மாத்திரை நெடுநாளாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. கொப்புளம் சீக்கிரம் அடங்கும். ஆனால், சர்க்கரையை ஏற்றும். எலும்பை மெலிய வைக்கும். கிருமிகளுக்கு வழி திறந்து விடும். வயதானவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

பிரான்சு நாட்டில் 341 நோயாளிகளிடம் செய்த சோதனை 2002ஆம் ஆண்டு வெளியானது. கடுமையான ஸ்டீராய்டு களிம்பை உடம்பில் தடவியவர்களையும், மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய் அதிகமாக இருந்தவர்களில், களிம்பு தடவியவர்கள் 100க்கு 76 பேர் ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் 58 பேர்தான்!

டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்தை இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சோதித்தார்கள். முடிவு 2017ஆம் ஆண்டு வெளியானது. ஆறு வாரத்தில் நோய் அடங்கியது, ஸ்டீராய்டு மாத்திரையில் 100க்கு 91 பேருக்கு. டாக்சிசைக்ளினில் 74 பேருக்கு. ஆனால், ஒரு வருஷத்தில் கடுமையான கெடுதல் வந்தது ஸ்டீராய்டில் 36 பேருக்கு. டாக்சிசைக்ளினில் 18 பேருக்கு. பாதிதான்! வேகம் குறைவு, அபாயமும் குறைவு. எது யாருக்கு என்று டாக்டர் முடிவு செய்வார்.

களிம்பு நல்லது என்றால் ஏன் எல்லோரும் தடவுவது இல்லை? நோய் உடம்பு முழுவதும் இருந்தால், ஒரு நாளைக்கு 40 கிராம் வரை தடவ வேண்டி இருக்கும். கடையில் விற்கும் டியூபில் பெரும்பாலும் 15 அல்லது 30 கிராம்தான் இருக்கும். தினமும் ஒன்றுக்கு மேல் வாங்க வேண்டும்! தடவி விட ஒரு ஆளும் வேண்டும். மாத்திரை விழுங்க யாரும் உதவ வேண்டியது இல்லை. காலில் மட்டும் உள்ள நோய்க்குக் கொஞ்சம் களிம்பு போதும். அதனால்தான், நோய் காலில் இருக்கும்போதே கண்டு பிடிப்பது லாபம்.

இரண்டு எச்சரிக்கைகள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நீங்களாக ஸ்டீராய்டு தடவாதீர்கள். நோய் வேறாக இருந்தால் கெடுதல் வரும். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர் என்று நிறுத்தாதீர்கள். உடம்பு அப்படியே சோர்ந்து விழும். உயிருக்கே ஆபத்து வரலாம். சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் வருஷத்திலேயே இறக்கிறார். முதுமையும் கூடவே இருக்கும் மற்ற நோய்களும் அதற்குக் காரணம். புண்ணில் கிருமி சேருவதும் காரணம். தாமதத்தைக் குறைப்பது மட்டும் மனிதர் கையில் இருக்கிறது.

வீட்டார் செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒரு முறை பெரியவர்களின் காலைப் பாருங்கள். அரிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், கொப்புளம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தாலும், தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. காய்ச்சல், சீழ், வாய்ப்புண் இருந்தாலும், ஒரு கால் மட்டும் திடீர் என்று வீங்கி வலித்தாலும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

டாக்டர்களும் ஒன்று செய்யலாம். வீங்கிய காலில் கொப்புளத்தைப் பார்த்தால், வீக்கத்துக்கு மட்டும் மருந்து எழுதி அனுப்பி விடக் கூடாது. "அரிக்கிறதா? எத்தனை நாளாக?" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும்.

அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போய் மருந்து கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. அப்படிப் படி ஏறி வருகிற ஊழியர் காலையும் பார்க்கக் கூடாதா? படுத்த படுக்கையாக இருப்பவரின் கொப்புளத்தை முதலில் பார்க்கக் கூடிய வெளி ஆள் அவர்தான். அவருக்கு இந்த நோயின் படத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பதற்கு அதிகச் செலவு ஆகாது. தோல் துண்டு எடுத்துச் சரியான திரவத்தில் அனுப்பும் வசதி, ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும்.

வீங்கிய கால் உள்ளவருக்குப் புதிய நோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. பத்து வருஷமாக அந்தக் காலோடு வாழ்கிறவருக்கு, இன்றைய அரிப்பு பழையதா புதியதா என்பது மற்றவர்களை விட நன்றாகத் தெரியும். அவர் "இது வேறு மாதிரி இருக்கிறது" என்று சொன்னால் நம்புங்கள். பாதி வைத்தியம் அங்கேயே தொடங்கி விடும்.